கஸ்பார் கடையின் நாலரை மணிச் சத்தம்

தூத்துக்குடி உப்புமூட்டைத் தெருவில் பதினோரு வருடம் நடந்த கஸ்பாரின் வீடியோ கேம்ஸ் கடை, இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் மே மாதக் கடைசியில் மூடப்பட்டு, ஏழு மெஷின்களும் மினி லாரியில் ஏறிப் பழைய இரும்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு, பூட்டிக் கிடந்த ஷட்டருக்குப் பின்னாலிருந்து கடையின் சத்தம் முழுதாகக் கேட்கத் தொடங்கியது. துப்பாக்கி வெடிக்கும் சத்தம், கார் டயர் தேயும் சத்தம், விரல்கள் பட்டனை அடிக்கும் சத்தம், காயின் விழும் சத்தம், ஒருவன் ஜெயித்ததற்குப் பத்துப் பேர் போடும் கூச்சல், எல்லாம் இருந்தன. எதிரே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கூட நிறுத்தாமல், "கஸ்பாரு மனசு மாறிட்டாரு போல" என்றார்.

கஸ்பாரை வீட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். அவர் கப்பலில் எஞ்சின் அறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்து, அந்த இரைச்சலுக்குப் பாதிக் காதைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். அதனாலேயே யாரிடமும் கத்தித்தான் பேசிப் பழகியவர். ஷட்டரைத் தூக்கினார். உள்ளே சிமெண்டுத் தரையும், மெஷின்கள் நின்ற இடங்களில் ஏழு வெளுத்த சதுரங்களும், சுவரில் ஒரு பல்லியும் இருந்தன. சத்தம் மட்டும் அதனதன் இடத்தில் நின்றது. சண்டை மெஷின் இருந்த மூலையில் சண்டை நடந்தது, விமான மெஷின் இருந்த இடத்தில் விமானங்கள் விழுந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு கனத்த குரல் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பதும், பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கும் ஒரு காயின் குடுங்க கஸ்பார்" என்று கேட்பதும், சற்று நேரத்தில் தோற்றுப்போய் உச்சுக் கொட்டுவதும் கேட்டது. மாற்றலாகி வேறு பங்குக்குப் போய்விட்ட பழைய சாமியாரின் குரல் அது என்று கோயிலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்தது.

"நம்ம கடை திறப்பு நாள்லா இது" என்றாள் கஸ்பாரின் மனைவி பிலோமி. "அந்தா கேளுங்க, நான் சிரிக்கேன்."

எட்டு மணிக்கு, அந்தக் காலத்தில் கடை அடைக்கிற நேரத்துக்கு, சத்தமும் அடங்கியது. மறுநாள் நாலரைக்கு மறுநாளின் சத்தம் வந்தது. ஒரு வாரத்துக்குள் தெரு கணக்கைப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு சாயங்காலமும் கேட்பது பதினோரு வருடத்துக்கு முந்தைய அதே தேதியின் சாயங்காலம்.

கடை ஏன் மூடப்பட்டது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. முதலில் டிவியில் மாட்டி ஆடும் பெட்டிகள் வீடுகளுக்கு வந்தன. அடுத்து, பலகை வைத்துத் தடுத்துத் தடுத்து ஆளுக்கொரு பொந்து செய்து வைத்த பிரவுசிங் சென்டர்கள் வந்தன. அதன் பின்னால் செல்போன் வந்தது. முன்பெல்லாம் ஒருவன் ஆடினால் அவன் முதுகுக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள், அந்த எட்டுப் பேரில் துறைமுக ஆபீசர் மகனும் இருந்தான், உப்பளத்துப் பையனும் இருந்தான், பள்ளிவாசல் தெருப் பையனும் மாதா கோயில் தெருப் பையனும் ஒருவன் தோள்மேல் ஒருவன் மோவாயை வைத்துக்கொண்டு இருந்தார்கள், ஆடுகிறவன் செத்தால் எட்டுப் பேரும் சேர்ந்து செத்தார்கள். அப்புறம் ஒவ்வொருவனும் அவனவன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தோற்கப் பழகிக்கொண்டான். கடைசி ஆறு மாதம் கஸ்பார் நாலரைக்கு மெஷின்களைப் போட்டுவிட்டு, கண்ணாடிகளைத் துணியால் துடைத்துவிட்டு, எட்டு மணிக்கு அணைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

சத்தத்தைத் தெரு எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்து, ஓடவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். கடையை முதலில் எடுத்தவர் டியூஷன் வைத்தார். பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டுச் சத்தம் வந்த பக்கம் திரும்பி உட்கார்ந்ததால் ஒரே மாதத்தில் காலி செய்தார். அப்புறம் பாத்திமுத்து என்ற லேடீஸ் டைலர் வந்தாள். "என் மிஷின் சத்தத்துல இது ஒரு சத்தமா" என்று சொல்லி அவள் தையல் மிஷினைக் கார் மெஷின் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் போட்டாள்.

தெருவும் தன் நேரத்தை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டது. பஜ்ஜிக்கடை நாலேகாலுக்கே அடுப்பைப் பற்ற வைத்தது. மகன்களைத் துபாய்க்கும் குவைத்துக்கும் அனுப்பிவிட்டிருந்த தாய்மார்கள் முறத்தையும் முருங்கைக்கீரையையும் எடுத்துக்கொண்டு வந்து கடைப்படியில் உட்கார்ந்து, பத்து வயதுப் பிள்ளைகளின் சண்டையைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார்கள். ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்து, அந்தப் பக்கம் இருந்த மகனுக்கு அவன் குரலையே கேட்கக் கொடுத்தாள். மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர்கள் ஒரு சாயங்காலம் பாத்திமுத்துவின் கடையில் உட்கார்ந்து, பையன் பதிமூன்று வயதில் என்னென்ன வார்த்தை பேசினான் என்று கேட்டுவிட்டுத்தான் பூ வைக்கப் போனார்கள். தெருவையே அதட்டிக்கொண்டு திரிந்த கான்ஸ்டபிள் அந்தோணிமுத்து, சின்ன வயதில் சண்டை மெஷினில் தோற்று விக்கி விக்கி அழுததை எல்லோரும் கேட்ட பிறகு, ஜனங்கள் அவனிடம் கொஞ்சம் பிரியமாக நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள். அவனும் அதட்டுவதைக் குறைத்துக்கொண்டான்.

இந்தக் கடைக்கு வராமலே இருந்தவள் ஒருத்தி இருந்தாள். பெயர் ஆவுடைத்தங்கம். உப்பளத்தில் வேலை செய்பவள். அவளுடைய ஒரே மகன் உச்சிமாகாளி, எல்லோருக்கும் உச்சி, தொண்ணூற்றேழாம் வருடம் நவம்பர் பதினாலாம் தேதி, பதினைந்து வயதில், கஸ்பார் கடையிலிருந்து இறங்கிப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் தேடினார்கள், ரயிலடியில் தேடினார்கள், கடற்கரையிலும் தேடினார்கள். முந்தின நாள் கஸ்பார் அவன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியதைத் தெருவே பார்த்திருந்தது. தெரு இரண்டு நாளையும் ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போட்டது. கஸ்பார் அடித்து விரட்டினார், அதனால் பையன் போய்விட்டான். மூன்று வருடம் கழித்து உச்சியின் அப்பா மாரடைப்பில் இறந்தபோது அதையும் அந்த முடிச்சிலேயே சேர்த்தார்கள். ஆவுடைத்தங்கம் கஸ்பாரைத் திட்டவில்லை. அவர் வரும் தெருவில் அவள் வருவதில்லை, அவ்வளவுதான். கஸ்பாரோ தான் அடிக்கவில்லை என்று முதல் வருடம் எல்லோரிடமும் கத்திச் சொன்னார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது. கடை வைத்திருப்பவனுக்கு எல்லா நாளும் ஒரே நாள். அந்தப் பதினாலாம் தேதி என்ன பேசினோம் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஊர் அத்தனை பேர் சொல்கிறார்களே, அடித்துத்தான் இருப்போம் என்று நினைக்கத் தொடங்கினார். அப்படி நினைத்த நாளிலிருந்து அவர் குரல் சின்னதாகிவிட்டது.

பாத்திமுத்து தையல் கடை போட்ட ஆறாம் மாதம் ஆவுடைத்தங்கம் உப்பளத்திலிருந்து நேராகப் பாத்திமுத்துவிடம் வந்து, "நான் இங்கன ஒரு ஓரமா இருந்துக்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

"உங்க மகன் கடைக்கு வர ஆரம்பிச்சது எப்பக்கா?"

"தொண்ணூத்தி அஞ்சு."

"அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கே."

"இருக்கட்டும்" என்றாள் ஆவுடைத்தங்கம். பாத்திமுத்து ஒரு ஸ்டூலைப் போட்டு, கையில் ஒரு பாவாடையைக் கொடுத்து, ஓரம் அடிக்கச் சொன்னாள்.

அவள் காத்திருந்தாள். அடுத்தவர்களின் பிள்ளைகளை ஒரு வருடம் கேட்டாள். இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம், பொங்கல் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, கூச்சலுக்கு நடுவில் ஒரு மெல்லிய குரல், "அண்ணே, இதை எப்படிண்ணே ஆடணும்?" என்று கேட்டது. பாத்திமுத்து திரும்பிப் பார்ப்பதற்குள் ஆவுடைத்தங்கம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, விமான மெஷின் இருந்த சதுரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். அன்றைக்கு அவன் நாலு நிமிடம்தான் பேசினான். அவள் எதிர்பார்த்ததற்கு ஒரு வருடம் முன்னாலேயே வந்திருந்தான். தொண்ணூற்று நாலில் அவன் வீட்டில் சொன்ன பொய்களில் அதுவும் ஒன்று. அவள் அதற்காகக் கோபப்படவில்லை.

அதிலிருந்து அவளுக்கு மகன் தினமும் கிடைத்தான். சாயங்காலம் நாலரைக்கு வந்து, ஆறு ஆறரை வரை இருந்துவிட்டுப் போனான். அவன் குரல் மெல்ல மெல்ல உடைந்து தடித்ததை அவள் பக்கத்திலிருந்து கேட்டாள். அவனுக்கு ஜலதோஷம் பிடித்திருந்த நாளில் மனதுக்குள் சுக்கு தட்டினாள். ஆனால் வருடம் நவம்பர் தொண்ணூற்றேழை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த நாளுக்கு அப்புறம் அவன் வரமாட்டான் என்பது அவளுக்கும் தெரியும், அந்த நாளில் தன் கை என்ன செய்தது என்று ஊர் கேட்கப்போகிறது என்பது கஸ்பாருக்கும் தெரியும். ஒரே நாளுக்காக இருவரும் இரண்டு தெருவில் பயந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் கிதியோன் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தான். கார் மெஷினில் அவனை யாரும் ஜெயித்ததில்லை. அந்தச் சத்தத்தைப் புது மனைவிக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும் என்று கூட்டி வந்தான். "இந்தா, இங்கனதான் நிப்பேன்" என்று கார் மெஷின் இருந்த சதுரத்தின் முன்னால் போய் நின்றான். உடனே அவன் சத்தம் நின்றுவிட்டது. அவன் குரலோடு, அவன் ஓட்டிய காரின் சத்தமும் நின்றது. விலகினான், வந்தது. நின்றான், போனது.

"நீங்க நின்னா உங்க சத்தம் வரமாட்டேங்கே" என்றாள் மனைவி, கொஞ்சம் ஏமாந்து.

ஆவுடைத்தங்கம் ஓரம் அடித்துக்கொண்டிருந்த துணியோடு எழுந்து வந்தாள். "தம்பி, இன்னொரு தடவை நில்லு."

அவன் நின்றான். கார் ஓய்ந்தது. அது ஓய்ந்ததும், அதுவரை அதற்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு சின்னப் பேச்சு தெளிவாகக் கேட்டது: விமான மெஷின் பக்கத்திலிருந்து உச்சி யாரிடமோ, எங்க அம்மா நாளைக்கு ஆப்பம் சுடுவாங்க, என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கான்ஸ்டபிள் அந்தோணிமுத்துவிடம் போய், மகனைக் காணோம் என்று அன்று கொடுத்த புகாரில் கடையில் இருந்தவர்கள் பெயர் எழுதியிருப்பார்களே, அதை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். ஒன்பது பையன்களின் பெயர் இருந்தது. அதில் ஒரு பெயர் அந்தோணிமுத்துவுடையது.

அந்த ஒன்பது பேரும் ஒரே சாயங்காலம் அவரவர் இடத்தில் வந்து நின்றால், ஒன்பது பேர் சத்தமும் நின்றுபோகும். உச்சியின் சத்தம் மட்டும் மிஞ்சும். அவன் அன்று என்ன பேசினான், யாரிடம் பேசினான் என்று கேட்டுவிடலாம். தேதிக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் தெருவுக்கு வேறு பேச்சில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த இருவரைப் பாத்திமுத்துவின் தம்பி தேடிப்பிடித்தான். சென்னையில் பாங்கில் இருந்தவன், லீவு எழுதிக் கொடுத்த காரணத்தைக் கேட்டு மேனேஜர் உடனே கையெழுத்துப் போட்டதாகச் சொன்னான். சாமியாராவதற்குக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தவன் ரெக்டரிடம் அனுமதி வாங்கினான். கிதியோன் அடுத்த லீவை நவம்பருக்குத் தள்ளி வைத்தான். ஒருவன் மட்டும் இல்லை; நாலு வருடம் முன்பு அவன் போட் கடலில் கவிழ்ந்திருந்தது. அவன் இடத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவானது. "அவன் பாட்டுக்குச் சத்தம் போடட்டும், பாவம்" என்றாள் அவன் அம்மா.

நவம்பர் பதிமூன்று வந்தது. அன்று யாரும் தங்கள் இடத்தில் நிற்கவில்லை. எல்லோரும் வெளியே ரோட்டில் நின்று கேட்டார்கள். ஐந்தேகாலுக்கு ஒரு பட்டன் உடையும் சத்தம், அப்புறம் கஸ்பாரின் பழைய குரல், தெருக்கோடி வரை போகும் அந்தக் கப்பல் குரல்: "காசு குடுத்து வாங்கின சாமான்லே இது. உன்னைய மாதிரி ஒருத்தன் என் கடைக்கு வேண்டாம். இனி இந்த வாசல்ல உன்னையப் பார்த்தேன், காலை ஒடிச்சிருவேன், போலே." சட்டை இழுபடும் சத்தம், செருப்பு தேயும் சத்தம், படியில் ஒருவன் தடுமாறி இறங்கும் சத்தம். கூட்டத்தில் ஒருவரும் கஸ்பார் பக்கம் திரும்பவில்லை. அதுவே அவருக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆறு மணிக்கு ஆவுடைத்தங்கம் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

"நாளைக்கு நீங்களும் உங்க இடத்துல நிக்கணும்" என்றாள்.

கஸ்பார் வாயைத் திறக்குமுன் பிலோமி சொன்னாள். "அது எப்படிம்மா? இவுக நின்னா இவுக பேசினது கேக்காதே. அடிச்சாகளா, அடிக்கலையான்னு தெரிய இருக்கது அந்த ஒரு நாளுதான். பதினோரு வருசமா ஊர் வாயில கெடக்காக. இவுக குரலும் கேக்கட்டும்."

"இன்னைக்குக் கேட்டோம்லா" என்றாள் ஆவுடைத்தங்கம். "அவ்வளவு பெரிய குரலு. அது வந்தா என் பிள்ளை பேசுறது எதுவும் கேக்காது." போகத் திரும்பியவள் படியிலிருந்து சொன்னாள். "எனக்கு நாளையோட முடிஞ்சு போயிரும். அவன் சத்தம் மட்டும் கேட்டாப் போதும்."

அவள் போன பிறகு பிலோமி நெடுநேரம் பேசினாள். நின்றால், அடித்தவன் என்ற பெயர் சாகிற வரைக்கும் போகாது என்றாள். கஸ்பார் அரைக்காதால் எல்லாவற்றையும் கேட்டார். "அடிச்சிருந்தேன்னா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். பிலோமி எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.

மறுநாள் நாலேகாலுக்கு எட்டு ஆண்கள், வயிறு விழுந்தவர்களும் முடி கொட்டியவர்களும் குருமட அங்கி போட்டவரும் காக்கிச் சட்டைக்காரரும், பாத்திமுத்து ஒதுக்கிக் கொடுத்த அறைக்குள் நுழைந்து, அவரவர் பதினாறு பதினேழு வயதில் நின்ற இடத்தில் போய் நின்றார்கள். நெருக்கமாக இருந்தது. ஒருவன் தோள் ஒருவன்மேல் இடித்தது. அந்தப் பழைய இடிப்பு உடனே உடம்புக்கு ஞாபகம் வந்து, இருவர் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டார்கள். தெரு முழுவதும் வாசலில் நின்றது. நாலரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கஸ்பார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, தான் காயின் கொடுக்கும் மேசை முன்பு இருந்த இடத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றார்.

நாலரை ஆனது. தெரு ஐந்தரை வருடமாகக் கேட்டுவந்த இரைச்சல் அன்று வரவில்லை. மூலையில் ஒரே ஒரு பையன், கடலில் போனவன், சண்டை மெஷினை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான். கார் மெஷினில் யாரோ ஒரு பெரிய ஆள், போலீஸ் பட்டியலில் இல்லாத ஒருவன், இருமிக்கொண்டே கார் ஓட்டினான். அப்புறம் படியில் செருப்புச் சத்தம். உச்சி வந்தான்.

முதலில் மேசைக்குப் போனான். கஸ்பார் அங்கே நின்றதால் கஸ்பாரின் பேச்சு வரவில்லை. உச்சியின் பேச்சு மட்டும், நடுவில் இடம் விட்டு விட்டு வந்தது.

"ஆமாண்ணே, வரக்கூடாதுன்னுதான் இருந்தேன்." இடைவெளி. "ஐயோ, அதுக்கு ஏன்ணே நீங்க மன்னிப்பெல்லாம் கேக்கீங்க. நான்தான பட்டனை உடைச்சேன்." நீண்ட இடைவெளி. "வலிக்கல. சட்டைதான் கிழிஞ்சது, அம்மா தச்சிட்டாங்க." இடைவெளி. "சாப்பிட்டேன்ணே." இடைவெளி. "பொய் இல்ல." இடைவெளி. "சரி, குடுங்க." பொட்டலம் பிரிக்கிற சத்தம், வாய் நிறைய வைத்துக்கொண்டு, "உங்க வீட்டு வடை நல்லா இருக்குண்ணே."

வாசலில் நின்ற பிலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கஸ்பார் சுவரைப் பார்த்தபடியே நின்றார். அவர் முதுகு மட்டும் அசைந்தது. நகர்ந்தால் தன் சத்தம் வந்துவிடும் என்று அவர் காலை ஊன்றிக்கொண்டு நின்றதை எல்லோரும் பார்த்தார்கள்.

அப்புறம் உச்சி கார் மெஷின் பக்கம் போனான். இருமல்காரனிடம், நேற்று கேட்டேனே, என்ன ஆச்சு, என்றான். இருமல்காரனின் பேச்சு நாமக்கல் பக்கத்துப் பேச்சாக இருந்தது.

"வரோணும்னா வா. காலைல ஆறு மணிக்கு உப்பு லோடு ஏத்திட்டுப் பொறப்படறேன். மங்களூர் தாண்டி மல்பென்னு ஊரு. மீன் ஊரு. ஐஸ் பேக்டரில ஆளு கேட்டுட்டே இருக்காங்க. வீட்ல சொல்லிட்டியா?"

"சொன்னா விடமாட்டாங்க. திங்கக்கிழமையிலிருந்து அப்பா என்னைய உப்பளத்துக்கு வரச் சொல்லிட்டாரு. எனக்கு அந்த வெயிலு ஆகாது. லீவுல ஒரு வாரம் போனேன், கண்ணு ரெண்டும் எரிஞ்சு ராத்திரி தூங்க முடியல."

"அதுக்குன்னு ஐஸுக்கா போவே?"

"ஆமா" என்றான் உச்சி. "ரெண்டு மாசம் பார்த்துட்டு அம்மாவையும் கூட்டிட்டுப் போயிருவேன். அவுக காலு ரெண்டும் உப்புல வெடிச்சுக் கெடக்கு. ஐஸ் பக்கத்துல இருந்தா ஆறும்லா."

ஆவுடைத்தங்கம் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். வாசலில் நின்ற பெண்களும் பார்த்தார்கள்.

ஆறு மணிக்கு உச்சி படியிறங்கிப் போனான். எட்டுப் பேரும் இடத்தை விட்டு நகரவில்லை. இன்னும் ஏதாவது இருக்கும் என்று நின்றார்கள். ஆவுடைத்தங்கம்தான் முதலில் பேசினாள். "மல்பெக்கு எந்த ரயில்ல போகணும்?"

மூன்று பேர் போனார்கள்: ஆவுடைத்தங்கம், கஸ்பார், பிலோமி. அந்தோணிமுத்து ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தான். மங்களூரில் இறங்கி, பஸ் பிடித்து, மீன் வாசனை தொடங்கிய இடத்தில் இறங்கினார்கள். கஸ்பாருக்குக் கப்பலில் கற்ற நாலு பாஷை கொஞ்சம் கொஞ்சம் வரும். எல்லாவற்றையும் கலந்து, திரும்பி வந்திருந்த பழைய குரலில் கத்தி, ஐஸ் பேக்டரி ஐஸ் பேக்டரி என்று கேட்டுக்கொண்டே போனார். இரண்டில் இல்லை. மூன்றாவதில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்துக்கொண்டிருந்தான். இடது கையில் இரண்டு விரல் இல்லை. தாடி வைத்திருந்தான். ஆவுடைத்தங்கம் அவனைப் பார்த்தாள், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பதினைந்து வயதுக் குரல். தினமும் கேட்டுக் கேட்டு அதிலேயே அவனை வளர்த்து வைத்திருந்தாள்.

அவன் கொக்கியைக் கீழே போட்டான். "அம்மா" என்றான்.

அது அவன் அப்பாவின் குரலாக இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொரு தடவை சொல்லுலே" என்றாள். அவன் சொன்னான். "இன்னொரு தடவை." அவன் மூன்றாவது தடவை சொல்ல முடியாமல் அவள் காலில் விழுந்தான். ஐஸ் உருகிய தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. அதிலேயே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

போன மூன்றாவது மாதம் ஐஸ் உடைக்கும் மெஷினில் விரல்கள் போனதாகவும், இந்தக் கையோடு வந்தால் என்ன சொல்வார்கள் என்று வருடம் வருடமாகத் தள்ளியதாகவும், அப்புறம் தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு லாரிக்காரர் வழியாக அப்பா இறந்த சேதி தெரிந்ததாகவும், கொள்ளி வைக்காத பிள்ளை எந்த முகத்தோடு போவது என்று அப்படியே இருந்துவிட்டதாகவும் அவன் சொன்னான். சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டே வந்தது. பதினோரு வருடமாக உள்ளே வைத்திருந்ததைவிட வெளியே எடுத்தபோது மிகவும் சின்னதாக இருந்தது. இங்கே ஒரு மீன்காரப் பெண்ணைக் கட்டியிருந்தான். அவள் வந்து, ஒரு வார்த்தை புரியாமல், மூவருக்கும் மத்தி மீன் பொரித்துச் சோறு போட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் கஸ்பார் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் அவர் குரலுக்கு எல்லோருக்கும் கேட்டது. "உச்சி, ஒண்ணு கேக்கணும். நீ போன அன்னைக்கு நான் உன்னைய அடிச்சேனாலே?"

உச்சி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "எப்பண்ணே?" என்றான். "நீங்க எல்லாருகிட்டயும் கத்துவீங்க. அடிச்சதே இல்லையே."

கஸ்பார் தலையை ஆட்டினார். அது வடை விஷயத்திலேயே தெரிந்ததுதான் என்றாலும், அவன் வாயால் கேட்டபோது தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தவர் போல இரண்டு கையையும் உதறிக்கொண்டார். பிறகு அவனுடைய விரல் இல்லாத கையை எடுத்துப் பார்த்து, "இந்தக் கையால இனி சண்டை மெஷின் ஆட முடியாது, கார் மெஷின்னா ஆடலாம்" என்றார். உச்சி சிரித்தான். மெஷின் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டது என்று பிலோமி ஞாபகப்படுத்தினாள்.

நாலாம் நாள் எல்லோருமாகக் கிளம்பினார்கள். உச்சியின் மனைவியும், அவள் கட்டி எடுத்துக்கொண்ட கருவாட்டு மூட்டையும் கூட. பகல் ரயில். ஜன்னலில் தென்னையும் தண்ணீரும் மாறி மாறி வந்தன. ஆவுடைத்தங்கம் மகனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். உச்சியும் மனைவியும் ஏதோ அந்த ஊர்ப் பாஷையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார்கள். புரியாத அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவள், எந்த நேரத்தில் என்று தெரியாமல், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பிலோமி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலே முக்கால்.

பெட்டியின் அந்தக் கோடியிலிருந்து டீக்காரன் கூவிக்கொண்டே வந்தான். கஸ்பார் எழுந்து வழியில் போய் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விரலை உதட்டில் வைத்து, தூங்குகிறவளைக் காட்டினார். டீக்காரன் கூவுவதை நிறுத்தி, பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்து, அவர்களைக் கடந்து மெதுவாக நடந்து போனான்.